சிக்னலை எடுத்தா நெரிசல் கொறையுமா?

கேள்வி: எங்க கோயம்புத்தூர்ல லாலி ரோடுல சிக்னலை எடுத்துட்டு ரவுண்டானா வச்சாங்க, மத்த எடங்கள்ல யூ டர்ன். வலது பக்கம் திரும்பணும்னா எங்கயோ போய் சுத்திட்டு வரணும். இதுல எப்படிங்க நெரிசல் கொறையும்?
- கோவை வாசகி

பதில்: சுத்துறது எரிச்சல்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா கணக்கைப் பாருங்க. நாலு ரோடு கூடுற எடத்துல வண்டியும் வண்டியும் மோத வாய்ப்பிருக்கற புள்ளி மொத்தம் 32. அதுல 16 ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டுறது, அந்த 16ல 12 வலது பக்கம் திரும்புறவங்களால வர்றது! சிக்னல் இவங்களை ஆளுக்கு கொஞ்ச நேரம்னு பிரிச்சு விடுது, அவ்ளோதான். மஞ்சள் விழுந்து, கடைசி பஸ் தாண்டி, அடுத்த பக்கம் முன்னாடி நிக்கறவர் போனை பாக்கெட்ல போட்டு கியர் மாத்தி கெளம்பறதுக்குள்ள சில செகண்ட் ரோடு சும்மா கெடக்கும், நாலு பக்கத்துக்கும் நாலு தடவை. யூ டர்ன்ல அந்த வெட்டு போய் சேர்றதும் பிரியறதும்தான் மிஞ்சுது. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 1960கள்லேருந்தே இப்படித்தான், என்ன, அங்க வண்டி வலது பக்கம் ஓடறதால இடது திரும்பறவங்கதான் சுத்தணும்.

ஒரே லேன் ரவுண்டானால மோதற புள்ளி 8தான். ஆனா அது ஒரே ஒரு விதியை நம்பித்தான் ஓடுது: உள்ள சுத்துறவருக்குத்தான் முதல் உரிமை, நுழையறவர் நிக்கணும். பிரிட்டன்ல 1966ல இதை சட்டமாக்குற வரைக்கும் அங்கயும் கூட்டம் ஏறுனா ரவுண்டானா பூட்டிக்கும். விதி வந்தப்புறம் தைரியம் வந்து 1972ல ஸ்விண்டன்ல ஒரு பெரிய வட்டத்தைச் சுத்தி அஞ்சு சின்ன ரவுண்டானா போட்டாங்க, பாத்தா ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா இன்னிக்கும் ஓடுது. நம்ம நாட்டுலயும் 2017 ஓட்டுநர் விதிமுறைல இதே விதி இருக்கு. ஆனா நடக்கறது என்ன? ஒரு பைக் மூக்கை நுழைக்கும், பின்னாடியே ஆட்டோ, அப்புறம் ஷேர் ஆட்டோ. உள்ள இருக்கற கார் வெளிய போக வழியில்லாம நிக்க, அதுக்குப் பின்னாடி வட்டம் முழுக்க நின்னு எல்லாரும் ஹாரன் அடிப்பாங்க. அதுக்கு டிசைனை திட்டி என்ன பண்ண?

இன்னொண்ணு, ஒரு பக்கம் மட்டும் பேய்க்கூட்டமா வண்டி வந்தா ரவுண்டானா திணறும், மத்த பக்கத்து ஆளுக்கு நுழைய இடைவெளியே கெடைக்காது. அந்த மாதிரி எடத்துக்கு சிக்னலே தேவலை.

கேள்வி: அப்போ நடந்து போறவங்க?
- அதே வாசகி

பதில்: சரியா புடிச்சீங்க. சிக்னல் போனா வண்டி நிக்கவே நிக்காது. யூ டர்ன் வச்ச ரோட்டுல எங்கம்மா எதிர்ல இருக்கற மருந்துக்கடைக்கு போக கையைத் தூக்கிட்டே பத்து நிமிஷம் நின்னாங்க, கடைசில ஆட்டோ புடிச்சு யூ டர்ன் அடிச்சுப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க.