அத்துமீறல் என்றொரு சொல்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து பட்ட பாட்டை எழுதிய லூ டி யோங், தம் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். அவர் எழுதியதை நடுநிலையான வரலாறு என்று எப்படி ஏற்பது?

பதில்: 'நடுநிலை' என்ற சொல்லை இந்த இடத்தில் என்னால் ஏற்க முடியவில்லை. கொன்றவனுக்கும் கொலையுண்டவனுக்கும் நடுவே போய் நிற்பது வரலாற்றாசிரியரின் வேலை அன்று. நடந்ததை விசாரித்து, அதற்குரிய பெயரைச் சொல்லி எழுதுவதே அவர் வேலை. நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுள் தம்மோடு இரட்டையராகப் பிறந்தவரும் ஒருவர் என்ற துயரத்தைச் சுமந்தபடியே, டி யோங் 1960 முதல் 1965 வரை தொலைக்காட்சியில் 21 பகுதிகளாக அந்த ஆண்டுகளை மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1969 முதல் பெருநூலாகவும் எழுதினார்.

அவர் தவறிய இடங்கள் வேறு. 1978 நவம்பரில், நாடாளுமன்றக் கட்சித் தலைவர் வில்லெம் ஆன்ட்யெஸ் போர்க்காலத்தில் நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பின் போர்ப்பிரிவான வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்தவர் என்று, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்தார். ஆன்ட்யெஸ் மறுநாளே பதவி விலகினார். ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்ப வழி தேடி அவர் பெயர் கொடுத்தது வேறோர் எஸ்எஸ் அமைப்பில் என்பது பிறகே தெளிவாயிற்று. பல்லாண்டு பொறுமையோடு ஆவணங்களைப் புரட்டிய ஒருவர் அன்று காட்டிய அவசரத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

அதைவிட என்னை வருத்துவது ஒரே ஒரு சொல். 1945க்குப் பின் இந்தோனேசிய விடுதலைப் போரை ஒடுக்க டச்சுப் படையினர் செய்த கொடுமைகளை, டி யோங் தம் கைப்பிரதியில் 'போர்க்குற்றங்கள்' என்றே எழுதியிருந்தார். 1987இல் அது வெளியே கசிந்ததும் முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு நூல் அச்சாகி வந்தபோது அந்த இடத்தில் 'அத்துமீறல்கள்' என்று இருந்தது. 1969இல் டச்சு அரசு தன் அறிக்கையில் கையாண்ட சொல் அது. அத்துமீறல் என்றால், படை முழுவதும் ஒழுங்காகவே நடந்தது, அங்கங்கே சிலர் மட்டும் எல்லை தாண்டினர் என்றாகிவிடுகிறது. சொந்தத் துயரத்தால் சாயாத பேனா, ஊரார் சினத்துக்குச் சாய்ந்தது. டச்சுப் படை மிதமிஞ்சிய வன்முறையைப் பரவலாகவும் திட்டமிட்ட முறையிலும் கையாண்டது என்று நெதர்லாந்தின் ஆய்வு நிறுவனங்களே முடிவு சொல்லி, பிரதமர் மார்க் ருட்டே இந்தோனேசிய மக்களிடம் மன்னிப்புக் கேட்க 2022 பிப்ரவரி வரை ஆயிற்று.