ஒரே ஒரு காப்பிதானாம்! (கடிதமும் பதிலும்)

வணக்கம் மேடம்,

நாங்க மயூர் விஹார்ல ஏழெட்டு பேர் சேர்ந்து மாசம் ஒரு புக் படிச்சு பேசறோம். டில்லி தமிழ்ச் சங்கத்துல நீங்க பேச்சுவாக்குல சொன்ன அந்த இங்கிலீஷ் ஸ்பை நாவலைத்தான் போன மாசம் எடுத்தோம். ஒருத்தர் பிடிஎஃப் வாட்ஸப்ல போட்டார், எல்லாருக்கும் ஈஸியா போச்சு. 1941-ல லிஸ்பன்ல ஒரு கடிதம் காணாம போகுது, பிரிட்டிஷ் மந்திரி ஒருத்தர் ஜெர்மனிகூட ரகசியமா சமாதானம் பேசினதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி, நாப்பது வருஷம் கழிச்சு ரிட்டயர்டு உளவாளி ஒருத்தரும் ஆர்கைவ்ஸ்ல வேலை பாக்கற பொண்ணும் அதைத் தேடறாங்க. எங்களுக்குள்ள ஒரே சண்டை. ஒருத்தர் முதல் நூறு பக்கம் தூக்கம் வருதுங்கறார். இன்னொருத்தர் கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு கடைசிவரைக்கும் காட்டாதது பச்சை ஏமாத்து வேலைங்கறார். எனக்கு அந்த டைப்பிஸ்ட் கேரக்டர் எதுக்குன்னே புரியல, ரெண்டு பக்கம் வந்து டீ குடிச்சுட்டு போயிடறாங்க, வெட்டியிருக்கலாம். என் கேள்வி இதுதான்: இந்த மாதிரி த்ரில்லரையெல்லாம் இலக்கியம்னு எடுத்துக்கலாமா?

அன்புடன்,
ஆர்., மயூர் விஹார்

அன்புள்ள தம்பி,

உடனே பதில் போடறேன்னா அதுக்குக் காரணம் உங்க கேள்வி இல்ல. ‘வெட்டியிருக்கலாம்’னு ஒண்ணு எழுதினீங்களே, அதுதான். கொஞ்ச நாளா எனக்குள்ள ஓடிட்டிருந்த விஷயத்து மேல கரெக்டா காலை வச்சுட்டீங்க. நாவலோட பேரை உங்க கடிதத்துலேர்ந்து நான்தான் எடுத்துட்டேன், படிக்காதவங்களும் இங்க வருவாங்க, நாம முடிவைப் பத்தி பேசப்போறோம்.

சில்லறையெல்லாம் முதல்ல முடிச்சுடறேன். நூறு பக்கத்துக்கு தூக்கம் வருதுங்கறவர் தூங்கட்டும், டில்லி வெயில்ல நல்ல தூக்கம் வர வைக்கற புஸ்தகம் லேசுல கிடைக்காது. கடிதத்தைக் காட்டலன்னு கோவிச்சுக்கறவர் கிட்ட, காட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேளுங்க. இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை கொலைன்னு அதுக்கும் கோவிச்சுட்டிருப்பார். இலக்கியமா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்.

இப்ப அந்த டைப்பிஸ்ட் அம்மா. தம்பி, நீங்க ஏழெட்டு பேர்ல ரெண்டு பேரோட அப்பாவோ மாமனாரோ கட்டாயம் சென்ட்ரல் கவர்மெண்ட்ல இருந்திருப்பாங்க, டில்லித் தமிழன்ல பாதிப்பேர் அப்படி வந்தவன்தான், சர்ட்டிஃபிகேட்டையும் ஷார்ட்ஹேண்ட் ஸ்பீடையும் கையில வச்சுக்கிட்டு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ஏறினவன். அப்படியிருந்தும் ஒருத்தருக்குக்கூட உறைக்கலையா? ஒரு மந்திரி உக்காந்து தானே லெட்டர் டைப் அடிப்பாரா? அவர் டிக்டேட் பண்ணுவார், ஒருத்தங்க ஷார்ட்ஹேண்ட்ல எடுப்பாங்க, டிராஃப்ட் போகும், பென்சில்ல திருத்தி வரும், திரும்ப ஃபேர் காப்பி அடிப்பாங்க, ஆபீஸ் காப்பி ஒண்ணு ஃபைல்ல ஏறும், டெஸ்பாட்ச்காரர் நம்பர் போட்டு ரிஜிஸ்டர்ல ஒரு வரி எழுதுவார். இத்தனை பேர் கை பட்ட பேப்பர் ‘ஒரே சாட்சி’யாம்! இந்த வகை நாவல்ல முக்கால்வாசி இங்கதான் ஊத்திக்கும். ஹீரோ ஆல்ப்ஸ் மலைல தொங்குவான், வில்லன் பெட்டியை எரிப்பான், ‘ஐயோ இருந்த ஒரே காப்பியும் போச்சே’ன்னு எல்லாரும் தலைல கை வச்சுப்பாங்க. கார்பன் பேப்பர்னு ஒண்ணு இருந்ததே இவங்களுக்குத் தெரியாதா?

எங்க பெரிய மாமா சவுத் பிளாக்ல (பாதுகாப்பு, வெளியுறவு மினிஸ்ட்ரியெல்லாம் அப்ப இருந்த கட்டடம்) ஸ்டெனோ. நேதாஜி நகர் குவார்ட்டர்ஸ். வீட்லயும் ஒரு பழைய ரெமிங்டன் இருந்துச்சு, அக்கம்பக்கத்து ஆளுங்களுக்கு மனு, கல்யாண பயோடேட்டா, டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன்னு அடிச்சுக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். மேல நல்ல பேப்பர், நடுவுல கார்பன், கீழ மெல்லிசு பேப்பர், திரும்பவும் கார்பன், மெல்லிசுன்னு அடுக்கி, மேஜைல நாலு பக்கமும் தட்டி ஓரம் சேத்து உருளைல ஏத்தறதைப் பாக்கணும், பொட்டு விலகாது. அஞ்சாவது காப்பி மங்கலாத்தான் வரும், அதனால விரலை ஓங்கி அடிக்கணும். ஒரு எழுத்து தப்பாச்சுன்னா மேல மட்டும் அழிச்சாப் போறாது, ஒவ்வொரு கார்பனுக்கு முன்னாலயும் துண்டு பேப்பர் செருகிக்கிட்டு ஒவ்வொரு காப்பியா அழிக்கணும், இல்லேன்னா அடில இருக்கறதெல்லாம் ஈஷிடும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரே தடவை அடிச்ச புது கார்பனை ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுக் காட்டினார். கறுப்புக்குள்ள எழுத்து எழுத்தா வெளிச்சம் வருது, பக்கத்து வீட்டுக்காரர் டிரான்ஸ்ஃபருக்கு என்னென்ன காரணம் சொல்லியிருந்தாரோ அத்தனையும் படிக்க முடிஞ்சுது, மாமனாருக்கு இல்லாத வியாதியெல்லாம் அதுல இருந்துச்சு. “ஆபீஸ்ல இதை எரிச்சுட்டுத்தான் எழுந்துக்கணும், ஷார்ட்ஹேண்ட் நோட்டையும் சேத்து”ன்னார்.

1971 டிசம்பர்ல பாகிஸ்தான் சண்டை. டில்லி முழுக்க பிளாக்அவுட், ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு பேப்பர், கார் ஹெட்லைட்ல பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட். மாமா ராத்திரி எந்நேரம் வருவார்னே தெரியாது, வந்தா சட்டைல கருகின வாசனை. என்ன மாமா டைப் அடிச்சீங்கன்னு கேட்டா “கமா, ஃபுல்ஸ்டாப்”ம்பார். அர்த்தம் பாத்தா ஸ்பீடு குறையுமாம். அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை எடுத்துட முடியாது. ஆனா நவம்பர் கடைசிலயே மாமி கிட்ட, கெரசினும் சர்க்கரையும் கொஞ்சம் ஜாஸ்தியா வாங்கி வைன்னு சொல்லியிருக்கார், அவ்வளவுதான் சொன்னார். மாமி கடைல நிக்கறதை எதிர் பிளாக்ல இருந்த மாமி பாத்தாங்க, சவுத் பிளாக் ஸ்டெனோ பெண்டாட்டி டின் டின்னா வாங்கறாளேன்னு அவங்களும் வாங்கினாங்க, அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த லைன் முழுக்க கெரசின் டின். ரேடியோல அறிவிக்கறதுக்கு முன்னாடியே எங்க குவார்ட்டர்ஸ்ல சண்டை ஆரம்பிச்சாச்சு. எந்த பேப்பரும் தொலையல, ஒரு கார்பன்கூட வெளில வரல. இதை ஒரு ஸ்பை நாவல்காரன் எழுத மாட்டேங்கறானேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆத்தாமை.

சரி, கதை வேண்டாம், நடந்ததையே எடுத்துக்குங்க. போர்க்காலத்துல தொலைஞ்ச பேப்பர்னா அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தென்பக்கத்துத் தளபதி லீயோட 191-ம் நம்பர் உத்தரவைத்தான் எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க. 1862 செப்டம்பர் 9 தேதி போட்டது, தென்பக்கத்துப் படை எங்கெங்க பிரிஞ்சு போகப்போகுதுன்னு முழு பிளானும் அதுல இருக்கு. நாலு நாள் கழிச்சு மேரிலாண்ட்ல ஃபிரெடரிக் ஊர்கிட்ட, காலியான கூடாரம் போட்ட எடத்துல, மூணு சுருட்டைச் சுத்தி வச்ச பேப்பரா ஒரு வடபக்கத்து சிப்பாய் கைல கிடைச்சுது. சுருட்டு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், சுவாரஸ்யமா இருக்கறதால. அதைவிட சுவாரஸ்யமானது என்னன்னா, அது லீக்குக் கீழ இருந்த ஜெனரல் ஹில்லுக்குப் போக வேண்டியது, ஹில்லுக்கு அதே உத்தரவு வந்து சேந்தாச்சு! அதே படையோட இன்னொரு ஜெனரல் ஜாக்சன் தன் கைப்பட ஒரு காப்பி எழுதி அவருக்கு தனியா அனுப்பியிருந்தார், ஹில் அதை பத்திரமா வச்சிருந்தார். லீயோட ஆபீஸ்லேர்ந்து போன இன்னொரு காப்பிதான் சுருட்டுல போச்சு. ஹில்லுக்கு உத்தரவு வரலைன்னா அவர் கேட்டிருப்பார், ஆள் அனுப்பியிருப்பார், தேடியிருப்பாங்க. வந்துடுச்சே, அதனால யாரும் தேடல. காப்பி இருந்ததாலதான் தொலைஞ்சதே தெரியாம போச்சு, தம்பி. அப்புறம் செப்டம்பர் 17 ஆண்டீடம் சண்டைல ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் சேத்து செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாம போனவங்க 20,000-க்கு மேல. அந்த காப்பியை எடுத்துட்டுப் போன ஆள் யாரு, சுருட்டு யாரோடது, இதுக்கெல்லாம் இன்னிக்கு வரைக்கும் பதில் கிடையாது. நூறு நாவல் எழுதலாம், எழுதினா ஜெனரலைப் பத்திதான் எழுதுவாங்க.

நம்ம பக்கத்துக்கு வந்தா ஆட்டோமெடான்ங்கற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். 1940 நவம்பர் 11, சுமத்ராவுக்கு மேற்க, அட்லாண்டிஸ்ங்கற ஜெர்மன் கப்பல் அதை மடக்கிப் பிடிச்சுது. சுட்ட சூட்டுல கேப்டன் உட்பட மேல இருந்த ஆபீசர்கள் காலி, அதனால கடல்ல தூக்கிப் போட வேண்டிய கனமான பையை தூக்கிப் போட ஆள் இல்ல. பைக்குள்ள பிரிட்டிஷ் ராணுவத் தலைமையோட ரகசிய மதிப்பீடு, ஜப்பான் வந்தா கிழக்கே நம்மால சமாளிக்க முடியாதுங்கற கணக்கு, சிங்கப்பூர்ல இருந்த கமாண்டருக்கு போக வேண்டியது. ஜெர்மன்காரங்க மூலமா அது டோக்கியோவுக்கு, ஜப்பான் கைக்கே போச்சு. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துது. இங்கயும் போனது ஒரு காப்பிதான், லண்டன் ஃபைல்ல அதே மதிப்பீடு அழகா தூங்கிட்டிருந்துது, ஃபைல் கைல இருக்கறப்ப யாருக்கு என்ன பதட்டம் வரும்? (சிங்கப்பூர் விழுந்த பிறகு மலேயா எஸ்டேட்லேர்ந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரங்க இழுத்துட்டுப் போன நம்ம ஜனங்களுக்கு முழுசா ஒரு பேர் லிஸ்ட்கூட கிடையாது. அதை ஆரம்பிச்சா இந்தப் பதில் முடியாது, விடறேன்.)

இன்னும் ரெண்டு இருக்கு, வேகமா சொல்லிடறேன். துருக்கித் தலைநகர் அங்காராவுல பிரிட்டிஷ் தூதரோட வேலைக்காரர் எலியேசா பஸ்னா 1943-44-ல தூதரோட ரகசியப் பேப்பரை போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு வித்தார், பேப்பர் எல்லாம் அதது எடத்துலயே இருந்துச்சு, கூலியா வாங்கின பவுண்டுல பெரும்பாலும் கள்ளநோட்டு. அந்த வியாபாரம் நடந்த ஜெர்மன் ஆபீஸ்ல செக்ரட்டரியா இருந்த கொர்னேலியா காப்புங்கற பொண்ணு அமெரிக்கர்களுக்கு சேதி கொடுத்துட்டிருந்தாங்க, 1944 ஏப்ரல்ல அந்தப் பக்கமே போயிட்டாங்க. செக்ரட்டரி, தம்பி. நீங்க வெட்டச் சொல்ற கேரக்டர். அப்புறம் நம்ம டில்லி, 1985 ஜனவரி, பிரதமர் ஆபீஸ் ரகசியமெல்லாம் வெளில போயிட்டிருந்துது, பிரதமரோட முதன்மைச் செயலர் பி.சி. அலெக்ஸாண்டர் ராஜினாமா பண்ணினார். ஃபைல் ஒண்ணும் தொலையல. போனதெல்லாம் ஜெராக்ஸ், எடுத்துக் கொடுத்தது பி.ஏ.க்கள்.

இப்ப நாவலுக்கு வாங்க. அந்த ரெண்டு பக்கத்தைத் திரும்ப எடுங்க. வயசான அம்மா, சின்ன ஃபிளாட்டு, டீ. ஆர்கைவ்ஸ் பொண்ணு லிஸ்பன் கடிதத்தைப் பத்தி கேக்கறா. அவங்க, ஒரு நாளைக்கு நாப்பது லெட்டர் அடிப்பேன், எனக்கு எது ஞாபகம் இருக்கும்ங்கறாங்க. நீங்க இத்தோட பக்கத்தைத் திருப்பிட்டீங்க. ரெண்டு வரி கழிச்சு, சர்க்கரை போட்டுட்டே, “ஒண்ணே முக்கால் பக்கத்துக்கா இவ்வளவு ரகளை”ன்னு சொல்றாங்களே, பாத்தீங்களா? கடிதம் எத்தனை பக்கம்னு அந்த நாவல்ல அதுவரைக்கும் யாருமே சொல்லல! உளவாளிக்கே தெரியாது. டைப் அடிக்கறவங்களுக்கு விஷயம் மறந்துபோகும், நீளம் மறக்காது, எங்க மாமாவும் சாகற வரைக்கும் அப்படித்தான், ஒரு ஃபைலைப் பத்தி பேச்சு வந்தா “அது பதினோரு பக்கம், கடைசில மூணு வரி”ம்பார், என்ன விஷயம்னு கேட்டா உதட்டைப் பிதுக்குவார். அந்த அம்மா கிட்ட இன்னும் ஒரு காப்பி இருக்கு, இல்ல எரிச்சதே அவங்கதான், ரெண்டுல எதுன்னு எழுதினவர் சொல்லாம விட்டார். ஹீரோ அதுக்கப்புறம் இருநூறு பக்கம் யூரோப் பூரா ஓடறான். கடைசில கடிதத்தை ஏன் காட்டலன்னு உங்க ஃப்ரெண்டு கேட்டாரே, தேடினவன் தப்பான எடத்துல தேடினா எப்படி காட்டுவாங்க? ஏழெட்டு பேர் படிச்சு இதுகூட கண்ல படலைன்னா நீங்கள்ளாம் என்னத்தை பேசினீங்க, சமோசா சாப்பிட்டீங்களா?

ஒரு எடத்துல எனக்கும் சிரிப்பு வந்துது, ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு ஒரே ராத்திரில டார்ச் அடிச்சு ஃபைலைக் கண்டுபிடிக்கறா. ஜன்பத்துல நம்ம நேஷனல் ஆர்கைவ்ஸுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. ஸ்லிப் எழுதிக் கொடுத்துட்டு காத்துட்டிருந்தா, ஸ்லிப்பே திரும்பி வரும், ஓரத்துல ‘என்.டி.’ன்னு ரெண்டு எழுத்து. மினிஸ்ட்ரிலேர்ந்து இன்னும் இங்க அனுப்பலன்னு அர்த்தம். மினிஸ்ட்ரில போய்க் கேட்டா, அனுப்பியாச்சேம்பாங்க. உளவாளி வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், ஒரு ரெகார்ட் ரூம் போதும்.

இலக்கியமாங்கற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போறதில்ல. ரெண்டு பக்கத்துல ஒரு மனுஷியை உக்கார வச்சு டீ குடிக்க வச்சு முழு நாவலையும் அவங்க கைல கொடுக்கத் தெரிஞ்சவரை நான் மதிக்கறேன், லேபிளை நீங்களே ஒட்டிக்குங்க.

உங்க மேல கோவம் இல்ல, புரிஞ்சுக்குங்க. மாசா மாசம் வேலையெல்லாம் விட்டுட்டு உக்காந்து புஸ்தகம் பேசறீங்களே, இந்த ஊர்ல யார் பண்றா, எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கு. கோவம் அந்த பிடிஎஃப் மேல. ஏழெட்டு பேரும் சம்பாதிக்கறவங்க, ஒருத்தர்கூட காசு கொடுத்து வாங்கல. போன்ல விரலால தள்ளிட்டே போனா சர்க்கரை போடற வரி எப்படி நிக்கும்? புதுசு வாங்க மனசு வரலைன்னா ஞாயித்துக்கிழமை மகிளா ஹாட்டுக்குப் போங்க, தரியாகஞ்ச் நடைபாதைல இருந்த பழைய புஸ்தகக் கடையெல்லாம் 2019-லேர்ந்து அங்கதான். இந்த மாதிரி பேப்பர்பேக் குவியல் குவியலா கிடக்கும். காலைலயே போங்க, முதல்ல சொல்ற விலைக்கு வாங்கிடாதீங்க.