மேஜிக் பொருளுக்கும் பில் உண்டு: கேள்வி-பதில்

கேள்வி: பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். முதல் விசிட்டிங் கார்டைச் சீட்டுக்கட்டு அளவிலேயே அடிக்கலாம் என்கிறார் டிசைனர். ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறது பிரஸ். என்ன செய்ய? (ஆர்., ஈரோடு)

பதில்: இரண்டு பேருக்கும் தலையாட்டாதீர்கள். போக்கர் சீட்டின் அகலம் 63 மி.மீ. பர்ஸில் உள்ள பைகளோ 54 மி.மீ. அகலமுள்ள ஏ.டி.எம். கார்டுக்காகத் தைத்தவை. பர்ஸுக்குள் போகாத கார்டு மண்டபத்து நாற்காலியிலேயே தங்கிவிடும். 90-க்கு 54 அல்லது 89-க்கு 51 மி.மீ. கேளுங்கள். பிரஸ்காரர்களுக்குக் கைவந்த அளவுகள் அவை.

ஆயிரம் என்பது பிரஸ்ஸின் கணக்கு. பிளேட் செய்து அச்சடிக்கும் ஆப்செட் முறையில், நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். தொழிலுக்குப் புதியவர் ஆறு மாதத்தில் போன் நம்பரை மாற்றுவார், மேடைப் பெயரை மாற்றுவார். பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் நூறு அடியுங்கள். ஒரு கார்டின் விலை கூடும், மொத்தத்தில் பணம் மிஞ்சும்.

தாள் 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 350 கிராம்) ஆர்ட் போர்டு அட்டையாக இருக்கட்டும். முன்பக்கம் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன், பின்பக்கம் ஒன்றும் வேண்டாம். தேதியும் நேரமும் எழுதித் தர வெற்றுப் பக்கம் வேண்டும். பளபள லேமினேஷனில் பால்பாயின்ட் வழுக்கும், மை கையில் ஒட்டும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் கார்டு கொஞ்சம் வளையும். 350 கனத்தில் அது குறைவு.

ஃபைல் கொடுக்கும்போது ஓரத்தில் நாலாபக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் ஓட வேண்டும். எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ.யாவது உள்ளே நிற்கட்டும். தமிழ் எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணினியில் சரியாக இருந்த 'கொ' பிரஸ்ஸில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் போகும். திரையில் மின்னும் நீலம் தாளில் மங்கும், ஆகவே ஒரு கார்டு அடித்துப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

கார்டில் பெயர், ஊர், ஒரே ஒரு நம்பர், 'குழந்தைகள் பிறந்தநாள் மேஜிக்' என்ற ஒரு வரி. 'அனைத்து நிகழ்ச்சிகளுக்கும் அணுகவும்' என்று போட்டால் எதற்கு அணுகுவது என்று யாருக்கும் புரியாது. தொப்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முயலுக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: கார்டில் போட்ட கியூ.ஆர். கோடு மூன்றே வாரத்தில் செத்துவிட்டது. ஸ்கேன் செய்தால் பணம் கட்டச் சொல்லி ஒரு பக்கம் திறக்கிறது. 500 கார்டு வீண். பிரஸ் மீது புகார் செய்யலாமா? (கே., திருநெல்வேலி)

பதில்: பிரஸ் மீது தப்பில்லை. 'இலவச கியூ.ஆர்.' தளம் ஒன்றில் உங்களுக்குக் கிடைத்தது டைனமிக் வகை. அந்தக் கோட்டுக்குள் இருப்பது அந்தத் தளத்தின் முகவரி. ஸ்கேன் செய்பவர் முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் உங்களிடம் வருவார். சோதனைக் காலம் முடிந்ததும் வாசலை அடைத்துவிடுகிறார்கள். அச்சடித்தவர் வேறு வழியில்லாமல் பணம் கட்டுவார் என்பது அவர்கள் கணக்கு. உங்களை ஏமாற்றத்தான் செய்திருக்கிறார்கள். காலாவதியாகும் என்பதைக் கோடு தரும்போது சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

ஸ்டேட்டிக் வகையில் உங்கள் வாட்ஸப் இணைப்பே கோட்டுக்குள் இருக்கும். நடுவில் ஆள் இல்லாததால் காலாவதியும் இல்லை. அச்சில் 2 செ.மீ.க்குக் குறையாத சதுரம், சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெற்றிடம், வெளிர் பின்னணியில் கருப்பு. தங்க ஃபாயிலில் அடித்தால் வெளிச்சம் பட்டுப் பல போன்கள் படிக்காது. இருக்கும் 500 கார்டை எறிய வேண்டாம். 2.5 செ.மீ. ஸ்டிக்கரில் புதிய கோட்டை அடித்து மேலே ஒட்டுங்கள்.

கேள்வி: ஒரு அமைப்பு 'மேஜிக் சக்கரவர்த்தி' பட்டமும் உலக சாதனைச் சான்றிதழும் தருகிறது. கட்டணம் ரூ. 7,500. கார்டில் போட்டால் மதிப்பு கூடுமா? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: கூடாது.

கேள்வி: கவிழ்த்துக் கொட்டினாலும் மறுபடி மறுபடி தண்ணீர் வரும் 'வற்றாத சொம்பு' என்ற மேஜிக் பொருளை ஆன்லைனில் வாங்கினேன். முதல் நாளே அடியில் ஒழுகுகிறது. திருப்பிக் கேட்டால், "ரகசியம் தெரிந்துகொண்டீர்கள், இனி திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். பில்லிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது. (எம்., கும்பகோணம்)

பதில்: இந்த ரகசியச் சாக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மேஜிக் கடைக்காரர்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

ரகசியத்துக்கு விலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்து, "அட, இவ்வளவுதானா!" என்று வாங்கியவர் ஏமாந்தால் அது கடைக்காரரின் குற்றம் ஆகாது. 'இவ்வளவுதானா' வகைப் பொருள்கள் என் அலமாரியிலும் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு யாரிடமும் பணம் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் உங்களுக்கு விற்றது வெறும் ரகசியமா? தண்ணீர் தாங்கும் ஒரு சொம்பையும் சேர்த்துத்தான் விற்றார்கள். அது ஒழுகினால் அந்த ரகசியத்தை வைத்து மேடையில் என்ன செய்வது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பலாம். 'திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் இந்தக் கடமை போய்விடாது. பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். ஆன்லைன் தளம் வழியாக வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் துணைக்கு வரும்: அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

"நீங்கள் தொழிலுக்காக வாங்கினீர்கள், நுகர்வோர் ஆக மாட்டீர்கள்" என்று அடுத்த அஸ்திரம் வரும். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் தானே பயன்படுத்த வாங்கியவருக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு. சொம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தனி மேஜிக்காரர் அந்த விலக்குக்குள் வருவார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் ஊரிலிருந்தே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் பரவுவதைத் தொடக்கம் முதல் வெட்டாமல் வீடியோ எடுங்கள். பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொண்டு போகாதீர்கள். ஈயம் வைத்துவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். கடைக்காரருக்கு எழுத்தில் புகார், அதற்கு மசியாவிட்டால் 1915, பிறகு ஆணையம். சொம்பின் உள்ளமைப்பை வீடியோவில் காட்ட வேண்டியதில்லை. ஒழுகலைக் காட்டினால் போதும்.

கேள்வி: '40 ஐட்டம்' மேஜிக் செட் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை முதல் நிகழ்ச்சி. எந்த வரிசையில் செய்வது? இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. (வி., சேலம்)

பதில்: பிரித்துக்கூடப் பார்க்காத பொருளுக்கு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டு, அட்வான்ஸும் வாங்கியிருப்பீர்கள். அந்த வீட்டுக் குழந்தையை நினைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

நாற்பதில் ஐந்தை எடுங்கள், மற்றதை மூடி வையுங்கள். நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகள் அரை மணி, மிஞ்சினால் நாற்பது நிமிடம் உட்காருவார்கள். நிறமும் அளவும் உள்ளவை முதலில்: பட்டுத்துணி, கயிறு, ஸ்பாஞ்ச் பந்து. 'ஒரு சீட்டை நினைத்துக்கொள்' என்பது பெரியவர்களுக்கு. ஆர்ட்டின் எது, கிளாவர் எது என்று தெரியாத பிள்ளையிடம் அது எடுபடாது. பிறந்தநாள் குழந்தையைக் கடைசி ஐட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முதலிலேயே கூப்பிட்டால் திரும்பிப் போகாது, போனால் அழும். கைதட்டல் அந்தக் குழந்தைக்கு விழ வேண்டும். யாரையும் கேலி செய்து சிரிப்பு வாங்காதீர்கள்.

நிகழ்ச்சி கேக் வெட்டுவதற்கு முன்பு நடக்கட்டும். கேக் வெட்டியதும் பந்தி விரிப்பார்கள், உங்கள் முன்னால் நாற்காலிகள்தான் மிஞ்சும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். ஜன்னல் வேண்டாம், ஆள் நடமாடும் வாசலும் வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் ரகசியம் முதலில் தெரியும், ஆகவே ஜமுக்காளத்தை நேர் எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி விரித்து, முன்னால் தரையில் ஒரு டேப் கோடு ஒட்டுங்கள். தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். பட்டுத்துணியும் சீட்டும் அந்தக் காற்றில் பறந்து பாழான நிகழ்ச்சிகள் ஏராளம். மொட்டை மாடி என்றால் எடையுள்ள பொருள்களை மட்டும் எடுத்துப் போங்கள்.

இன்று இரவே ஐந்தையும் கண்ணாடி முன்னால் வேண்டாம், போன் கேமரா முன்னால் செய்யுங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது நம்மை அறியாமல் அந்தக் கணத்தில் கண் சிமிட்டிவிடுகிறோம்.

கேள்வி: ராணுவ அதிகாரி என்று ஒருவர் பேசினார். மகள் பிறந்தநாளுக்கு முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். அனுப்பினார். ஸ்கேன் செய்து யு.பி.ஐ. ரகசிய எண்ணை (பின்) போட்டேன். ரூ. 9,000 போய்விட்டது. வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (டி., கோவை)

பதில்: வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. சமையல்காரர், போட்டோகிராபர், வீடு வாடகைக்கு விடுபவர் என்று இதே ராணுவ வேடத்தில் பலரை ஏமாற்றியிருக்கிறார்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவரின் ஆசைதான் அவர்கள் தூண்டில்.

உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், அவருடைய போன் நம்பர், யு.பி.ஐ. முகவரி, வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து, உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். உங்கள் யு.பி.ஐ. முகவரியைக் கொடுத்தால் போதும். முன்பணம் பாதி. தேதி, இடம், எத்தனை நிமிடம், மைக் யாருடையது, போக்குவரத்து யார் செலவு என்று ஐந்து வரி வாட்ஸப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்குங்கள். நிஜமான வாடிக்கையாளர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கேள்வி: சீட்டுகள் விசிறியாக விரிய மாட்டேன் என்கின்றன. முழு பிளாஸ்டிக் கட்டு வாங்கலாமா? (ஜே., நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். தண்ணீரில் கழுவலாம் என்பதைத் தவிர மேஜிக்காரருக்கு அதில் லாபம் குறைவு. வழுக்கிக்கொண்டு சரியும், வளைத்தால் முறுக்கிக்கொண்டு எழும். பூச்சுள்ள காகிதச் சீட்டு, போக்கர் அளவில். பைசைக்கிள் ரைடர் பேக் பலரும் பழகும் கட்டு. கடற்கரை ஊர் ஈரத்தில் காகிதம் ஊதும். வேலை முடிந்ததும் டப்பாவில் போட்டு, மேலே கனமான புத்தகத்தை வையுங்கள். சந்தை விலையில் கால்வாசிக்குக் கிடைக்கும் 'ஒரிஜினல்' கட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: திறந்தால் தீ வரும் பர்ஸ் வாங்க ஆசை. குழந்தைகள் விழாவில் செய்யலாமா? (பி., வேலூர்)

பதில்: கூடவே கூடாது. அதில் எரிவது லைட்டர் திரவமோ, நைட்ரோசெல்லுலோஸ் என்ற சட்டெனப் பற்றும் தாளோதான். இரண்டுக்கும் ஒரு பொறி போதும். விமானத்தில் கைப்பையிலும் கொண்டு போக முடியாது, பெட்டியிலும் முடியாது. அதோடு, நம் ஊர் கேஸ் பலூன்களில் பல ஹைட்ரஜன் நிரப்பியவை. பலூன் தோரணத்துக்குக் கீழே பர்ஸைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கேள்வி: முயலோ புறாவோ வைத்துச் செய்தால் அதிகம் கேட்கலாம் என்கிறார்கள். (என்., தஞ்சாவூர்)

பதில்: விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் உயிரினங்களை வைத்து நிகழ்ச்சி நடத்தக்கூடாது, கிளி என்றால் வனவிலங்குச் சட்டமே பாயும்.

கேள்வி: ரிட்டர்ன் கிஃப்ட்டாகச் சின்ன மேஜிக் செட் விற்கலாம் என்று மொத்தமாக வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (எஸ்., திருப்பூர்)

பதில்: ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். முத்திரை இல்லாததை விற்றால் மாட்டுவது நீங்கள். முத்திரை இருந்தாலும் ஒரு பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்னக் காந்த உருண்டைகள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். குழந்தை இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கி ஒட்டிக்கொள்ளும், ஓட்டையே விழும். ஸ்பாஞ்ச் பந்தை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் தரக்கூடாது. அமுக்கினால் சுருங்கித் தொண்டையில் போய் விரியும்.

கேள்வி: புளூடூத் மைக் போதுமா? (எல்., புதுச்சேரி)

பதில்: போதாது. வாய் அசைந்து சற்றுக் கழித்துத்தான் குரல் வரும். ரிசீவரோடு வரும், யு.எச்.எஃப். ரேடியோ அலையில் இயங்கும், தலையில் மாட்டும் மைக் வாங்குங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். ஸ்பீக்கரை உங்களுக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். பின்னால் வைத்தால் கிறீச்சிடும். மாற்று பேட்டரி ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும்.