சூபாபுல் தின்ற ஆட்டுக்கு முடி கொட்டுகிறது: வயிற்றுக்கு மரபணுச் சோதனை உதவுமா?

கேள்வி: சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். இரண்டு மாதத்துக்கு முன் சந்தையில் 12 கன்னி இன ஆடு வாங்கினேன். மேய்ச்சல் இல்லாததால் வேலியோரச் சூபாபுல் தழையை மட்டுமே வெட்டிப் போடுகிறேன். ஆறு ஆட்டுக்கு முதுகிலும் வாலிலும் முடி கொட்டுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் ஆடுகள் இதே தழையைத்தான் தின்கின்றன, அவற்றுக்கு ஒன்றுமில்லை. ‘ஓமிக்ஸ்’ முறையில் ஆட்டின் வயிற்றைச் சோதித்தால் எந்தத் தீவனம் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார்கள் என்கிறான் மகன். எங்கே செய்யலாம்?

பதில்: ஐயா, இப்போதைக்கு அந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. பக்கத்துக் காட்டு ஆடு ஏன் தப்பித்தது என்பதற்கான விடை அந்த அறிவியலில்தான் இருக்கிறது.

முதலில் ஆட்டைப் பாருங்கள். முடி கொட்டிய இடத்தின் ஓரத்தில் இரண்டு விரலால் கொஞ்சம் முடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். தோல் சுத்தமாக இருந்து, முடி மட்டும் கொத்தாகக் கையோடு வந்தால் சூபாபுல் மேல் சந்தேகப்படலாம். பொருக்குத் தட்டி, ஆடு தூணில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது சொறியோ பேனோ, வைத்தியம் வேறு.

சூபாபுல் நல்ல புரதத் தீவனம். ஆனால் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. கொழுந்திலும் விதையிலும் அதிகம். முடியின் வேரில் செல் பிரிவதை அது தடுப்பதால் முடி உதிர்கிறது. ஆட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் மைமோசினை உடைத்து டி.எச்.பி. என்ற பொருளாக்கும். அதோடு முடி கொட்டுவது நிற்கும், ஆனால் ஆபத்து நிற்காது. டி.எச்.பி. தைராய்டு சுரப்பியை மட்டுப்படுத்தும். ஆடு வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், எடை மட்டும் ஏறாது. எனக்கு முடி கொட்டும் ஆட்டை விட இந்த ஆட்டைப் பற்றித்தான் கவலை அதிகம். யாருக்கும் தெரியாமலே நஷ்டம் வந்து சேரும்.

ஆஸ்திரேலியாவில் சூபாபுல் தின்ற மாடுகள் இப்படித்தான் அவதிப்பட்டன. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதே தழையைத் தின்று சௌக்கியமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கவனித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் பெருவயிற்று நீரை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தினார்கள், அவற்றுக்கும் டி.எச்.பி.யை அழிக்கும் திறன் வந்தது. அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். காற்றுப் பட்டாலே செத்துப்போகும், வயிற்றில் மிகச் சொற்பமாகவே இருக்கும் உயிரி அது. வளர்த்துப் பார்ப்பது பெரும்பாடு. அதனால்தான் மரபணு வழியாகத் தேடினார்கள். பல நாட்டுக் கால்நடைகளிலும் அகப்பட்டது.

மகன் சொன்ன ஓமிக்ஸ் இந்தத் தேடலின் விரிந்த வடிவம்தான். வயிற்று நீரில் உள்ள எல்லா நுண்ணுயிரிகளின் மரபணுவையும் ஒருசேரப் படிப்பது மெட்டாஜீனோமிக்ஸ். ரத்தத்திலும் சிறுநீரிலும் கலந்திருக்கும் சிறு வேதிப்பொருள்களைக் கணக்கெடுப்பது மெட்டபாலோமிக்ஸ். முதலாவது வயிற்றில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். இரண்டாவது, தின்றது என்னவாக மாறியது என்று சொல்லும். ஸ்காட்லாந்தில் 283 மாடுகளின் பெருவயிற்று நீரிலிருந்து கிட்டத்தட்ட 5,000 நுண்ணுயிரி மரபணுத் தொகுதிகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை அதுவரை யாரும் அறியாதவை. இன்று ஒரு ஆட்டைச் சோதித்தால் உங்கள் கைக்கு வருவது நுண்ணுயிரிகளின் நீண்ட பட்டியல்தான். அதை வைத்து ‘இந்த ஆட்டுக்கு இத்தனை கிலோ தழை’ என்று தீவனம் எழுதித்தர யாராலும் முடியாது.

பக்கத்துக் காட்டு ஆடுகள் குட்டியிலிருந்தே சூபாபுலைக் கடித்து வளர்ந்திருக்கும், நச்சை உடைக்கும் நுண்ணுயிரிகள் சேர்ந்து வயிறு பழகியிருக்கும். உங்கள் ஆடுகள் சந்தையிலிருந்து வந்த கையோடு வயிறு முட்ட அதையே தின்றன. வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே இன்றைக்கே சூபாபுலை நிறுத்துங்கள். சோளத்தட்டை, கடலைக்கொடி, கிடைக்கிற புல் எதுவானாலும் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஆளுக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வெட்டிய தழையை வாடவிட்டுப் போட்டால் மைமோசின் ஓரளவு குறையும். பழகிய ஆடுகள் இரண்டைப் பக்கத்துக் காட்டிலிருந்து, நோய் இல்லை என்று பார்த்து, வாங்கி ஒரே பட்டியில் அடையுங்கள். ஒன்றாகத் தின்று தண்ணீர் குடிக்கையில் அந்த நல்ல நுண்ணுயிரி உங்கள் ஆடுகளுக்கும் தொற்ற வாய்ப்புண்டு. வயிற்று நீரை நீங்களே எடுத்து ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம், புரையேறி ஆடு செத்துப்போகும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். தின்கிற ஆடு இரண்டு முறையும் எடை ஏறாமல் நின்றால் குடற்புழுவைப் பாருங்கள், அடுத்து டி.எச்.பி.யைச் சந்தேகப்படுங்கள். சினை ஆட்டுக்கு ஈனும்வரை சூபாபுல் வேண்டாம். குட்டி விழுந்ததும் தொண்டையைத் தடவிப் பாருங்கள். நெல்லிக்காய் போலத் தைராய்டு வீக்கம் தட்டுப்பட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.