ஸ்னோமொபைல் கிளட்சை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, கிளட்சைக் கழற்றித் துடைத்தால் சரியாகுமா, அதை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். நான் கனடாவில் சட்பரி பக்கம் இருக்கிறேன். பனி விழுவதற்கு முன்னால் ஒருமுறை, சீசன் முடிந்து வண்டியை மூடி வைக்கும்போது ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை இந்த வேலையைச் செய்கிறேன்.

நம்மூரில் கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்தவருக்கு இது புதிதில்லை. எஞ்சின் தண்டில் ஒரு கிளட்ச், டிராக்கை, அதாவது வண்டியைப் பனியில் தள்ளும் ரப்பர் பட்டையை, ஓட்டும் பக்கம் இன்னொன்று, நடுவே ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகம் ஏறும்போது முதல் கிளட்சுக்குள் இருக்கும் எடைகள் விரிந்து இரண்டு தட்டுகளையும் நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். பெல்ட் தேயத் தேய உதிரும் கருப்புத் தூள் அந்த எடைகள், ரோலர்கள், புஷ்கள் (நகரும் பாகங்களைத் தாங்கும் வளையங்கள்) எல்லாவற்றிலும் போய் அப்பிக்கொள்ளும். நகர வேண்டியது நகராமல் சிக்கும். உங்கள் வண்டி வெட்டுவதற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது காய்ந்தே இருக்க வேண்டிய சாமான். முதல் குளிர்காலத்தில் எனக்கு அது தெரியவில்லை. சிக்குகிறதே, கொஞ்சம் எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு போகுமே என்று கதவுக் கீலுக்கு அடிக்கிற மாதிரி ரோலர்களில் ஸ்பிரே அடித்தேன். மறுநாள் உறைந்த ஏரிக்கு நடுவில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, ஒரே ரப்பர் கருகிய நாற்றம். மைனஸ் 25 டிகிரியில், இருட்டில், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பெல்ட் மாற்றினேன். மாற்றுப் பெல்ட் வண்டியில் இருந்ததால் அன்று வீடு வந்து சேர்ந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறியதும் சாவியை எடுத்துவிடுங்கள். பெல்ட் மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்றுங்கள், எந்தப் பக்கம் பார்த்து ஓடியதோ அதே பக்கம்தான் திரும்பப் போட வேண்டும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை முறுக்கிப் பார்க்கவே கூடாது. கிளட்ச் கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றி உடைந்து தெறிக்கும்.

டிராக் பக்கத்துக் கிளட்ச் சாதாரணமாக ஒரு போல்ட்டில் வந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் வாஷர்களை மட்டும் எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். பெல்ட் நேர்கோட்டில் ஓடுவது அந்த வாஷர்களின் கணக்கில்தான்.

எஞ்சின் பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கூம்பு வடிவத் தண்டில் இறுகி உட்கார்ந்திருப்பதால் நடு போல்ட்டை எடுத்தாலும் அசையாது. உங்கள் மாடலுக்கென்றே விற்கும் புல்லர், அதாவது கிளட்சைத் தண்டிலிருந்து பிடுங்கும் திருகுக் கருவி, வேண்டும். கையில் கிடைத்த நீள போல்ட்டைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் தண்டுக்கே செலவு. புல்லரின் நுனியில் துளி கிரீஸ் தடவி இறுக்குங்கள். வராவிட்டால் இறுக்கிய நிலையிலேயே அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குள் கிளட்சை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருங்கள். தட்டுகளைக் கம்பி வைத்து நெம்பாதீர்கள், ஒரு சிறு நெளிவு போதும், ஓடும்போதெல்லாம் அதிரும்.

பிரிப்பதற்கு முன்னால் மூடியிலும் தட்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சமநிலை பார்த்துச் செய்த சாமான், அதே கோணத்தில்தான் திரும்ப உட்கார வேண்டும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், மூடி போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

துடைப்பது எளிது. முகமூடி போட்டுக்கொண்டு காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள், அப்புறம் சோப்பு கலந்த வெந்நீரும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் போதும். பெல்ட் உரசும் தட்டுகளைப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் துணி கருப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். கழற்றியது கழற்றியபடி இருக்கும்போதே ரோலரை விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, புஷ் ஆடினாலோ, தட்டில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

திரும்பப் போடும்போது கூம்புத் தண்டையும் கிளட்சின் உள்துளையையும் ஆல்கஹாலால் துடைத்து, புல்லரில் தடவிய கிரீஸ் துளிகூட இல்லாமல் காய வையுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்), உங்கள் வண்டியின் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். சில மாடல்களில் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடியும் இறுக்கச் சொல்லியிருப்பார்கள், அதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் வெட்டினால் பெல்ட்டின் ஓரங்களைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் புதுசு ஒன்று வாங்கிவிடுங்கள்.