சுவருக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லைன் வீட்டில் பக்கத்து போர்ஷன் பையனுக்கு ஆறு வயது. அவன் அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி ராத்திரி பெல்ட்டால் அடிக்கிறார். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணலாம் என்றால் என் வீட்டுக்காரர், "அவங்க பிள்ளை, அவங்க பாடு. பையனை ஹோம்ல கொண்டுபோய்ப் போட்டுட்டா அந்தப் பாவம் நமக்குத்தான்" என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பண்ணுங்கள், இன்றைக்கே. காசு கிடையாது, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லாமலேயே பேசலாம்.

சரி, வீட்டுக்காரரின் பயத்துக்கு வருவோம். போன் பண்ணியதும் ஜீப்பில் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் மட்டுமல்ல, பாதி ஊர் நினைக்கிறது. முதலில் வருவது பெரும்பாலும் குழந்தைகள் உதவி மையத்து ஆட்கள், பையனைப் பார்த்துப் பேசுவார்கள். நிலைமை மோசம் என்று வெளியே கொண்டுவந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தியாக வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கச் சொல்வார்கள், 15 நாளில் அந்த விசாரணை முடிய வேண்டும். அப்பாவைத் திருத்திப் பார்ப்பதா, கண்காணிப்போடு பையனை அம்மாவிடமே விடுவதா, பாட்டி வீட்டில் விடுவதா என்றெல்லாம் பார்த்து ஒன்றும் சரிவராவிட்டால்தான் ஹோம். இது நான் சமாதானத்துக்குச் சொல்வதில்லை, 2015 இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான் இருக்கிறது. எல்லா ஊரிலும் இதெல்லாம் சட்டத்தில் எழுதியபடி டாண் டாண் என்று நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். யாரும் வரவில்லையா, மறுபடி கூப்பிடுங்கள்.

"அவங்க பிள்ளை" என்பதற்கும் அதே சட்டத்தின் 75-வது பிரிவில் பதில் இருக்கிறது. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம். பெற்ற அப்பன் என்றாலும் விலக்கு இல்லை.

எங்கள் தெருவிலும் ஒருவன் இருந்தான், என் வயசுதான். சித்திரை வெயிலில் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு முழுக்கைச் சட்டையில் வருவான். "ஸ்டைலாம்" என்று சிரிப்போம். ஒருநாள் குழாயடியில் கை கழுவச் சட்டைக் கையை மடித்தான், உடனே இறக்கிவிட்டுக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன். பெரியவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கேள்வி: அடியாத மாடு படியாது என்பார்கள். நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், நன்றாக இல்லையா? இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: தாத்தா, நன்றாக இருப்பவர்கள்தான் கடிதம் போடுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. வீட்டில் லேசாக ஒன்று வைப்பதை அப்படி நேராகத் தடுக்கும் சட்டம் நம்மிடம் இன்னும் இல்லை, ஆகவே உங்களைப் பிடிக்க யாரும் வர மாட்டார்கள். ஆனால் மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்துக்குள் அடி வாங்கியதாகச் சொன்ன பிள்ளைகளில் நூற்றுக்கு 88 பேருக்கு மேல் கை காட்டியது அம்மா அப்பாவைத்தான். பிள்ளை பயப்படும் ஆளே வீட்டுக்குள் இருந்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்? அரசாங்கத்தின் வேலை அங்கேதான்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு நார்வே போகிறேன். மூத்த பேரனுக்குக் கையால் ஊட்டினாலே பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களாமே?
- ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது 2011-இல் அங்கே ஸ்டவாங்கர் ஊரில் நடந்த விஷயம். ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளையும் அந்த ஊர்க் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதையும் கூடவே படுக்க வைத்ததையும் குற்றமாகச் சொன்னார்கள் என்றார்கள் பெற்றோர். பண்பாடெல்லாம் காரணமில்லை என்றது அந்தத் துறை, ரகசியம் காக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. விவகாரம் டெல்லி அரசாங்கம் வரை போய், 2012 ஏப்ரலில் பிள்ளைகளைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அந்தத் துறை தப்பே செய்யாது என்றும் இல்லை, வேறொரு குடும்பத்தின் வழக்கில் நார்வே குடும்ப உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2019-இல் சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்று, அங்கே பிள்ளையை அடிப்பதே 1987-இலிருந்து சட்டப்படி கூடாது, செல்லமாக முதுகில் ஒன்று வைப்பதும் இப்போது அதில் சேர்த்திதான். பேரன் பாலர் பள்ளியில் "பாட்டி அடிச்சாங்க" என்று சொன்னால் டீச்சர் அதைச் சிரித்து விட்டுவிட மாட்டார். கையை ஓங்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட. சோற்றைத் தாராளமாக ஊட்டுங்கள். கம்பளத்தில் சிந்தினால் மகள்தான் திட்டுவாள்.