மணி பிளான்ட் வாங்கினால் கணுவைப் பாருங்கள்

கேள்வி: ஆன்லைனில் ‘மார்பிள் குவீன்’ மணி பிளான்ட் ஒன்றை 449 ரூபாய் கொடுத்து வாங்கினேன். படத்தில் வெள்ளைக் கோடு ஓடிய இலைகள் தொட்டி நிறைய வழிந்தன. வந்ததோ மூன்றே பச்சை இலை, அதிலும் ஒன்று மஞ்சள். ‘செடி உயிருள்ள பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். பணம் போனது போனதுதானா? செடியாவது பிழைக்குமா? (ஒரு வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: பணம் நாலு நாள் பொறுக்கும், செடி பொறுக்காது. அதனால் முதலில் செடி. அதைத் தொடுவதற்கு முன் பெட்டி, லேபிள், இலை, வேர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இப்போது செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள். பல நர்சரிகள் மண்ணே கலக்காமல் வெறும் கோகோபீட்டில் (தென்னை நார்த் தூள்) வைத்து அனுப்புகின்றன. எடை குறைவு, அனுப்பச் சுலபம். சிக்கல் என்னவென்றால், கோகோபீட் மேலே வெளிறிக் காய்ந்து தெரியும். அடியில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். மேலே காய்ந்திருக்கிறதே என்று நாம் தினமும் ஊற்றுவோம், வேர் அழுகிவிடும். பெரும்பாலான மணி பிளான்ட்கள் சாவது தாகத்தால் அல்ல, இப்படித்தான்.

வேர் வெளுப்பாக, நிமிர்ந்து இருந்தால் கவலை இல்லை. தோட்ட மண், கோகோபீட், கொஞ்சம் மணல் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் வையுங்கள். விரலை இரண்டு மூட்டு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். வேர் பழுப்பாகக் குழைந்து வாடை வந்தால் தண்டைக் கையால் தடவிக்கொண்டே மேலே போங்கள். கெட்டியான இடம் வரும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு சின்ன முண்டு துருத்தி நிற்கும். அதுதான் கணு. அதற்கு ஒரு விரற்கடை கீழே சுத்தமான பிளேடால் வெட்டி, கணு மட்டும் முங்கும்படி கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் எட்டிப்பார்க்கும். கணு இல்லாத தண்டோ தனி இலையோ எத்தனை மாதம் தண்ணீரில் நின்றாலும் செடியாகாது. தண்டுத் துண்டை ‘கட்டிங்’ என்று விற்கும் இடங்களில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வாரம் ஒருமுறை பாட்டில் தண்ணீரை மாற்றிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தெளிந்த நீர் போதும்.

சரி, பணம். ‘உயிருள்ள பொருள்’ என்ற வாசகம் உங்கள் உரிமையை ரத்து செய்யாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ வந்தால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. வெள்ளைக் கோடு காட்டிவிட்டு முழுப் பச்சையை அனுப்பியது இதில் நேரடியாக வரும். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படத்தோடு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது என்றாலும், ஒரு செடிக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டோடு வந்த செடி, உங்கள் வீட்டு இருட்டு மூலையில் வைத்தபின் பச்சையாக இலை விட்டால் அது விற்றவர் குற்றம் அல்ல. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அந்த இலைக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஜன்னல் ஓரம் வையுங்கள். ஆனால் சித்திரை மாத மேற்கு வெயில் நேராக விழுந்தால் இலை கருகும்.

கேள்வி: காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொன்னது என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நாசா 1989-இல் ஆய்வு செய்தது உண்மை, மணி பிளான்ட் அதில் இருந்ததும் உண்மை. அது சின்ன மூடிய பெட்டிக்குள் நடந்தது. நம் வீட்டில் கதவு, ஜன்னல் இடுக்கு வழியே காற்று மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள்: அந்த இயல்பான காற்றோட்டத்துக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் குறைந்தது 90 செடி! கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வாங்குங்கள், அது போதும்.

கேள்வி: நர்சரியில் முறம் மாதிரி இலை உள்ள மணி பிளான்ட் பல மடங்கு விலை. அது வேறு ரகமா?

பதில்: அநேகமாக அதே செடிதான். இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள மோரியா தீவு. மரத்தைப் பற்றி 20 மீட்டர் வரை ஏறும், ஏற ஏற இலை பெரிதாகும். நம் ஊர்த் தோப்புகளில் தென்னையில் ஏறி, கிழிந்த பெரிய இலையோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொங்கவிட்டால் இலை சிறுக்கும். தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, நாரை ஈரமாகவே வைத்திருங்கள். நார் காய்ந்திருந்தால் வேர் பற்றாது. வெறும் முட்டுக்கொடுத்த கம்பாகத்தான் நிற்கும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் வளரும் என்கிறார் மாமியார்.

பதில்: பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினாலும் அப்படியே வளரும். இரண்டு கணு உள்ள துண்டாகக் கேளுங்கள், ஈரத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். வெட்டிய சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள். தவழும் குழந்தையோ பூனையோ வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், வீங்கவும் செய்யும்.